ஸ்பானிய மொழியில் ‘பெய்திருந்தால்’: உபியேர வடிவத்தைத் தமிழிலிருந்து கற்பது

“மழை பெய்திருந்தால் விதைத்திருப்போம்.” மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வேளாண்மைக் காலத்தில் இப்படியொரு வசனத்தைச் சொல்வதற்கு யாரும் இலக்கணம் படிப்பதில்லை. மழை பெய்யவில்லை, விதைப்பும் நடக்கவில்லை என்ற இரண்டு செய்தியையும் கேட்பவர் அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறார். ஸ்பானிய மொழியில் இந்த வேலையைச் செய்யும் வினைவடிவத்துக்குப் பாடநூல்கள் வைத்திருக்கும் பெயர் ‘ப்லுஸ்குவம்பெர்ஃபேக்தொ தெ ஸுப்ஹுந்த்தீபொ’. பெயரின் நீளத்தைக் கண்டே பலர் அந்தப் பாடத்தைத் தள்ளிவைத்துவிடுகிறார்கள். சில அகராதிகளிலும் லத்தீன் அமெரிக்கப் பாடநூல்களிலும் இதையே ‘அந்த்தெப்ரெத்தேரித்தொ’ என்று காண்பீர்கள். அது 1847இல் இலக்கண அறிஞர் அந்த்ரேஸ் பேயொ வெளியிட்ட நூலின் வழியில் வந்த பெயர். இரண்டும் ஒன்றுதான். இங்கே சுருக்கமாக ‘உபியேர வடிவம்’ என்போம்.

அறுகம்பைக்கு அலைச்சறுக்க வருவோரோடும் பாசிக்குடா விடுதிகளுக்கு வருவோரோடும் கதைக்கவென்று ஸ்பானிய மொழியைத் தொடங்குபவர்கள் நிகழ்காலத்தையும் இறந்தகாலத்தையும் தாண்டி வந்ததும் இந்த வடிவத்தில் முட்டிக்கொள்வதுண்டு. ஸ்பானிய மொழியை உலகெங்கும் கற்பிக்கும் செர்வாந்தெஸ் நிறுவனத்தின் பாடத்திட்டத்தில் இது பி2 என்ற மேல் இடைநிலையில் வருகிறது. அப்படியானால் கடினமாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கடினத்தில் பெரும் பகுதி ஆங்கிலம் வழியாகப் படிப்பதால் வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஹேட்’ என்ற ஒரே சொல் உடைமையைச் சொல்லும், முன்பு நடந்து முடிந்ததைச் சொல்லும், நடக்காத நிபந்தனையையும் சொல்லும். ஸ்பானிய மொழி இம்மூன்றுக்கும் மூன்று சொற்களை வைத்திருக்கிறது. தமிழும் அவற்றைப் பிரித்தே சொல்கிறது. ஆகவே தமிழிலிருந்து நேரே போவதுதான் குறுக்குவழி. அந்த வழியில் ஓரிரு பள்ளங்களும் உண்டு. அவை எங்கே என்பதையும் கீழே சொல்கிறோம்.

தொடங்கும் முன் உங்களிடம் இருக்க வேண்டியவை மூன்று: நிகழ்கால வடிவங்கள், ‘எ, அஸ், அ’ என்று தொடங்கும் அண்மை இறந்தகாலம், ‘அப்ரீய’ என்ற ‘-இருப்பேன்’ வடிவம். மூன்றாவது தெரியாவிட்டாலும் தொடங்கலாம், வழியில் அதையும் தருகிறோம்.

தமிழ் எழுத்தில் வாசிக்கும் முறை

இந்தக் கட்டுரையில் ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறோம். நெடில் வரும் இடத்தில் குரலை அழுத்துங்கள், குறிலை இழுக்காதீர்கள். ‘அப்லாதொ’ என்று எழுதினால் அழுத்தம் ‘லா’வில்; கடைசி ‘தொ’ குட்டையாக முடிய வேண்டும்.

உயிருக்கு நடுவே தனித்து வரும் ‘த’ என்பது ‘அது’ என்பதில் வரும் மென்மையான ஒலி. ஸ்பானியர் ‘டி’ எழுத்தால் எழுதுவது அதைத்தான். ஆங்கிலப் பழக்கத்தில் ‘அப்லாடோ’ என்று நாக்கை மடிப்பவர்கள் பலர். தேவையே இல்லை, சரியான ஒலி நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. ‘த்த’ என்பது ‘பத்து’வில் வரும் வன்மையான ஒலி, ‘ஸ்’க்குப் பின் வரும் ‘த’வும் அப்படித்தான். உயிருக்கு நடுவே வரும் ‘ப’ ‘அபாயம்’ என்பதிலுள்ள ஒலி. ஸ்பானிய எழுத்தில் ‘பி’, ‘வி’ இரண்டுக்கும் இந்த ஒரே ஒலிதான். சொல்லின் முதலில் வந்தால் ‘பஸ்’ என்பதில் போல அதிரவிடுங்கள்.

உபியேர என்பதை எழுதும்போது முதலில் ‘எச்’ எழுத்து உண்டு, உச்சரிப்பில் இல்லை. காதால் மட்டும் படிப்பவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள், அல்லது ‘பி’க்குப் பதில் ‘வி’ போடுகிறார்கள். கொப்பியில் முதல் நாளே சரியான எழுத்தில் எழுதிப் பாருங்கள்.

முதற்படி: ஆறு வடிவங்கள்

இந்த வடிவம் இரண்டு துண்டுகளால் ஆனது. முதல் துண்டு ‘அபேர்’ என்ற துணைவினையின் மாற்றம். அது ஆளுக்கேற்ப மாறும்:

யோ (நான்): உபியேர
தூ (நீ): உபியேரஸ்
ஏல், ஏய, உஸ்தேத் (அவர், அவள், நீங்கள் ஒருவர்): உபியேர
நொஸோத்ரொஸ் (நாங்கள்): உபியேரமொஸ்
பொஸோத்ரொஸ் (நீங்கள் பலர், ஸ்பெயினில்): உபியேரைஸ்
ஏயொஸ், உஸ்தேதெஸ் (அவர்கள், நீங்கள் பலர்): உபியேரன்

ஆறிலும் அழுத்தம் ‘யே’யிலேயே நிற்கிறது. ‘உபியேரமொஸ்’ சொல்லும்போது அது ‘ர’வுக்கு வழுக்கிப் போகும், விடாதீர்கள். அந்த ஒன்றுக்குத்தான் எழுத்தில் அழுத்தக் குறி உண்டு, மற்ற ஐந்துக்கும் இல்லை. போனில் ஸ்பானிய விசைப்பலகையை வைத்து ‘e’ எழுத்தை அழுத்திப் பிடித்தால் குறியிட்ட எழுத்து மேலே வரும்.

‘பொஸோத்ரொஸ்’ வடிவம் ஸ்பெயினில் நெருங்கியவர்களோடு மட்டும். லத்தீன் அமெரிக்காவில் பலரை அழைக்க எப்போதும் ‘உஸ்தேதெஸ்’தான். நீங்கள் கதைக்கப்போவது அர்ஜென்டினாக்காரரோடா மட்ரிட்காரரோடா என்பது தெரியாவிட்டால் அதை வாசிக்க மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு, பேச்சுக்கு ஐந்தே போதும்.

நானுக்கும் அவருக்கும் வடிவம் ஒன்றே என்பதைக் கவனித்திருப்பீர்கள். தமிழில் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடுவதால் ‘நான்’, ‘அவர்’ என்பவற்றை விட்டுவிட்டுப் பேசுகிறோம். ஸ்பானிய மொழியிலும் பொதுவாக அப்படித்தான். ஆனால் இங்கே விட்டால் யார் என்று தெரியாமல் போகும் சந்தர்ப்பம் வரும். சந்தேகம் வந்தால் ‘ஸி யோ உபியேர…’, ‘ஸி ஏல் உபியேர…’ என்று ஆளைச் சேர்த்துச் சொல்லுங்கள் (‘ஸி’ என்பது ‘இருந்தால்’ என்பதிலுள்ள ‘-ஆல்’).

இதற்கு இணையாக இன்னொரு வரிசையும் இருக்கிறது: உபியேஸெ, உபியேஸெஸ், உபியேஸெ, உபியேஸெமொஸ், உபியேஸெயிஸ், உபியேஸென். இரண்டும் லத்தீனின் இரண்டு வெவ்வேறு வடிவங்களிலிருந்து வந்து, ஒரே வேலைக்குச் சேர்ந்துகொண்டவை. லத்தீன் அமெரிக்காவில் பேச்சில் ‘ர’ வரிசையே மேலோங்கி நிற்கிறது. ஸ்பெயினில் இரண்டும் கேட்கும். புதியவர்கள் ‘ர’வைப் பேசக் கற்று, ‘ஸெ’யைக் கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும். இரண்டையும் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்ய முயன்றால் இரண்டும் கலந்து ‘உபியேரெஸ்’ என்று இங்கே பொருந்தாத ஒரு வடிவம் வாயில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம் படி: மாறாத துண்டு

இரண்டாவது துண்டு ‘செய்து’, ‘வந்து’ போன்றது. ஒழுங்கு வினைகளில் இதற்கு இரண்டே விதி. ‘-ஆர்’ என்று முடியும் வினையில் அதை எடுத்துவிட்டு ‘-ஆதொ’ போடுங்கள். ‘-ஏர்’, ‘-ஈர்’ என்று முடியும் வினைகளில் எடுத்துவிட்டு ‘-ஈதொ’ போடுங்கள்.

அப்லார் (பேசுதல்): அப்லாதொ
யமார் (அழைத்தல், கோல் எடுத்தல்): யமாதொ
யெகார் (வந்து சேர்தல்): யெகாதொ
ஸெம்ப்ரார் (விதைத்தல்): ஸெம்ப்ராதொ
அபிஸார் (அறிவித்தல்): அபிஸாதொ
கொமேர் (சாப்பிடுதல்): கொமீதொ
பெந்தேர் (விற்றல்): பெந்தீதொ
பிபீர் (வாழ்தல்): பிபீதொ
ஸலீர் (புறப்படுதல்): ஸலீதொ

நிகழ்காலத்தில் தொல்லை தரும் பல வினைகள் இங்கே அமைதியாகிவிடும். ‘தெனேர்’ (வைத்திருத்தல்) நிகழ்காலத்தில் ‘தேங்கொ’ என்று உருமாறினாலும் இங்கே விதிப்படி ‘தெனீதொ’தான். ‘யொபேர்’ (மழை பெய்தல்) அடியில் உயிர் மாறும் வினை. இங்கே வெறும் ‘யொபீதொ’.

எழுத்தில் ஒரு நுணுக்கம்: ‘-ஏர்’, ‘-ஈர்’ வினையின் அடி ‘அ, எ, ஒ’ என்ற உயிரில் முடிந்தால் ‘ஈ’யின் மேல் அழுத்தக் குறி வேண்டும். லெயீதொ (வாசித்து), கயீதொ (விழுந்து), ஒயீதொ (கேட்டு), த்ரயீதொ (கொண்டுவந்து) எல்லாம் அப்படி. அடி ‘உ’வில் முடிந்தால் குறி வராது.

விதிக்குள் வராத வினைகள் சில உண்டு. அவற்றை இப்போது ஒழுங்கு வினைகளோடு கலக்காமல் தனிப் பக்கத்தில் எழுதிவையுங்கள்: ஏச்சொ (செய்து), தீச்சொ (சொல்லி), பீஸ்தொ (பார்த்து), எஸ்க்ரீத்தொ (எழுதி), அபியேர்த்தொ (திறந்து), ரோத்தொ (உடைத்து), புவேல்த்தொ (திரும்பி), முவேர்த்தொ (இறந்து). அன்றாடப் பேச்சில் அடிக்கடி வருபவை என்பதால் பிறகு கட்டாயம் தேவைப்படும்.

இந்தத் துண்டு ஆண், பெண், ஒருமை, பன்மை எதற்கும் மாறாது. ‘ஏயஸ் உபியேரன் ஸலீதொ’, அதாவது பெண்கள் பலர் புறப்பட்டிருந்தாலும் ‘ஸலீதொ’தான், ‘ஸலீதஸ்’ அல்ல. இதில் தவறு வரக் காரணம், ‘எஸ்தார்’ என்ற வினையோடு சேரும்போது இதே சொல் பெயரடைபோல மாறுவது: ‘ல புவேர்த்த எஸ்தா ஸெர்ராத’, கதவு பூட்டியிருக்கிறது. ‘அபேர்’ உடன் வந்தால் மாறாது என்று மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: சேர்ப்பது

தமிழில் ‘பெய்து’ முன்னும் ‘இருந்தால்’ பின்னும் வருகின்றன. ஸ்பானிய மொழியில் வரிசை தலைகீழ்: முதலில் உபியேர, பின்னர் யொபீதொ. இரண்டுக்கும் இடையில் எதையும் நுழைக்கக் கூடாது. தமிழில் ‘பெய்தும் இருந்தால்’ என்று பிரிக்க முடிவதால் இங்கேயும் கை போகும்.

‘அதை’, ‘என்னை’, ‘எனக்கு’ போன்ற சிறு சொற்கள் எல்லாம் உபியேரவுக்கு முன்னால் நிற்க வேண்டும். ‘நீ அதை விற்றிருந்தால்’ என்பது ‘ஸி லொ உபியேரஸ் பெந்தீதொ’. ‘ஸி உபியேரஸ் லொ பெந்தீதொ’ தவறு. கடைசியில் ஒட்டி ‘பெந்தீதொலொ’ என்பதும் தவறு. ‘இல்லை’ என்று சொல்லும் ‘நொ’ அதற்கும் முன்னால்: ‘ஸி நொ லொ உபியேரஸ் பெந்தீதொ’, நீ அதை விற்காமல் இருந்திருந்தால். தமிழ் எதிர்மறையை வினைக்குள்ளேயே வைக்கிறது. அதனால் ‘நொ’வை வினைக்குப் பக்கத்தில், அதாவது ‘பெந்தீதொ’வுக்கு முன்னால், வைக்கத் தோன்றும். தலைப்பக்கம் வையுங்கள்.

நான்காம் படி: நடக்காத நிபந்தனை

இப்போது தொடக்க வசனத்துக்கு வருவோம்.

ஸி உபியேர யொபீதொ, அப்ரீயமொஸ் ஸெம்ப்ராதொ.
மழை பெய்திருந்தால் விதைத்திருப்போம்.

தமிழ் வசனத்தின் இரண்டு பாதியிலும் ‘இரு’ ஒளிந்திருக்கிறது: பெய்து-இருந்தால், விதைத்து-இருப்போம். ஸ்பானிய வசனத்தின் இரண்டு பாதியிலும் ‘அபேர்’ இருக்கிறது. ‘-இருந்தால்’ வரும் பக்கத்தில் உபியேர, ‘-இருப்போம்’ வரும் பக்கத்தில் அப்ரீயமொஸ். இந்தப் பொருத்தத்தைக் கண்ணால் கண்டுவிட்டால் பாடத்தின் பாதி முடிந்தது. ‘-இருப்பேன்’ வரிசை இது: அப்ரீய, அப்ரீயஸ், அப்ரீய, அப்ரீயமொஸ், அப்ரீயைஸ், அப்ரீயன்.

விளைவுப் பக்கத்திலும் உபியேர போட்டு ‘ஸி உபியேர யொபீதொ, உபியேரமொஸ் ஸெம்ப்ராதொ’ என்று சொல்வதும் சரி; பலர் அப்படித்தான் பேசுகிறார்கள். ‘ஸெ’ வரிசையை மட்டும் விளைவுப் பக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். இதைத் தலைகீழாக்கி ‘ஸி’க்குப் பின்னால் அப்ரீய போடுவது வேறு விஷயம். வட ஸ்பெயினில் சில பகுதிகளின் பேச்சில் அதைக் கேட்கலாம், ஆனால் எழுத்திலும் பரீட்சையிலும் பிழையாகவே கொள்வார்கள்.

நிபந்தனை முன்னால் வந்தால் அதன் பின் காற்புள்ளி இடுங்கள். ‘அப்ரீயமொஸ் ஸெம்ப்ராதொ ஸி உபியேர யொபீதொ’ என்று பின்னால் வந்தால் பொதுவாகத் தேவையில்லை.

விளைவு இன்றைக்கு உரியதாக இருந்தால் விளைவுப் பக்கம் மாறும்: ‘ஸி உபியேரஸ் எஸ்துதியாதொ, அஓர த்ரபஹரீயஸ் அக்கீ’, நீ படித்திருந்தால் இப்போது இங்கே வேலை செய்துகொண்டிருப்பாய். உபியேரப் பக்கம் அப்படியே நிற்கிறது. இரண்டு பக்கமும் எப்போதும் ஒரே காலத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்து, இன்றைய விளைவையும் ‘அப்ரீய’வில் போட்டால் பொருள் மாறிவிடும்.

‘காசு இருந்தால்’, ‘காசு இருந்திருந்தால்’ என்ற வேறுபாட்டைப் பாருங்கள். முதலாவது இன்றைக்குக் கையில் இல்லாத காசு: ‘ஸி துபியேர தினேரொ’. இரண்டாவது அன்றைக்கு இல்லாத காசு: ‘ஸி உபியேர தெனீதொ தினேரொ’. துபியேரவும் உபியேரவும் ஒலியில் மிக நெருக்கம். ஆங்கிலம் வழியாக வருபவர்கள் முதலாவதன் இடத்தில் இரண்டாவதைப் போட்டுக் குழம்புவார்கள். ‘இருந்திருந்தால்’ என்று ‘இரு’ இரண்டு முறை வந்தால் உபியேரவும் தெனீதொவும் இரண்டும் வேண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

முதல் பள்ளம்: வந்திருந்தால் கோல் எடு

தமிழ் நம்மை ஏமாற்றும் இடம் இது. “அவர் வந்திருந்தால் எனக்குக் கோல் எடு” என்கிறோம். இங்கேயும் ‘வந்திருந்தால்’ உண்டு. ஆனால் அவர் வரவில்லை என்று நாம் சொல்லவில்லை. வந்தாரோ இல்லையோ தெரியாது, வந்திருக்கவும் கூடும். ஸ்பானிய மொழியில் இங்கே உபியேர வரவே கூடாது. ‘ஸி அ யெகாதொ, யாமமெ’ என்று சாதாரண வடிவம்தான். ‘ஸி உபியேர யெகாதொ’ என்று சொல்லிவிட்டால் அவர் வராமல் போய்விட்டார் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

எளிய சோதனை ஒன்று: தமிழ் வசனத்தின் இறுதியில் ‘ஆனால் அப்படி நடக்கவில்லை’ என்று சேர்த்துப் பாருங்கள். “மழை பெய்திருந்தால் விதைத்திருப்போம், ஆனால் பெய்யவில்லை” – பொருந்துகிறது, உபியேர. “அவர் வந்திருந்தால் கோல் எடு, ஆனால் வரவில்லை” – பொருந்தவில்லை, ‘அ யெகாதொ’. இந்தச் சோதனையை முதல் மாதத்தில் ஒவ்வொரு வசனத்துக்கும் செய்வது நல்லது. மற்றெல்லாத் தவறுகளும் கேட்பவருக்குத் தவறாகத் தெரியும், திருத்துவார். இந்தத் தவறு இலக்கணப்படி சரியான வசனமாகவே ஒலிக்கும், செய்தி மட்டும் பொய்யாகிவிடும்.

ஐந்தாம் படி: ‘என்று’ வரும் இடங்கள்

தமிழ் உதவி குறையும் பகுதிக்கு வந்திருக்கிறோம். அதனால் இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

அவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.
ஸபீய கெ அபீயன் யெகாதொ.

அவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள் என்று நான் நம்பவில்லை.
நொ க்ரெயீய கெ உபியேரன் யெகாதொ.

தமிழில் ‘வந்து சேர்ந்திருந்தார்கள்’ இரண்டிலும் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. ஸ்பானிய மொழியில் முதலாவதில் அபீயன் (‘அபேர்’ வினையின் சாதாரண இறந்தகால வடிவம்), இரண்டாவதில் உபியேரன். பேசுபவர் ஒரு செய்தியை உண்மை என்று முன்வைக்கிறாரா, அல்லது சந்தேகம், மறுப்பு, பயம், எதிர்பார்ப்பு, மனவருத்தம் ஆகியவற்றின் கீழ் வைக்கிறாரா என்பதே பிரிக்கும் கோடு. பின்னதற்குத்தான் ‘ஸுப்ஹுந்த்தீபொ’ என்று பெயர். தமிழில் இந்த வேலையைப் பெரும்பாலும் முதன்மை வினையே செய்துவிடுகிறது. சில வேளை ‘-ஓ என்று’ செய்கிறது.

ஆகவே ‘என்று’வுக்கு முன்னால் உள்ள வினையைப் பார்க்காதீர்கள், பின்னால் உள்ள வினையைப் பாருங்கள். அது ‘நம்பவில்லை’, ‘பயந்தேன்’, ‘எதிர்பார்த்தேன்’, ‘சந்தேகப்பட்டேன்’ என்றால் உபியேர:

தெமீய கெ உபியேரன் ஸலீதொ.
அவர்கள் புறப்பட்டிருப்பார்களோ என்று பயந்தேன்.

எஸ்பெராப கெ உபியேரஸ் யெகாதொ.
நீ வந்து சேர்ந்திருப்பாய் என்று எதிர்பார்த்தேன்.

மனவருத்தமும் சந்தோஷமும் வரும்போது தமிழில் ‘என்று’ வராது, ‘விற்றது’, ‘வந்தது’ என்று வினை பெயராகிவிடும். ஸ்பானிய மொழி அங்கேயும் ‘கெ’யையும் உபியேரவையும் கேட்கிறது: ‘மெ மொலெஸ்தோ கெ உபியேரன் பெந்தீதொ ல காஸ’, அவர்கள் வீட்டை விற்றது எனக்கு எரிச்சலாக இருந்தது. வீடு விற்கப்பட்டது உண்மைதானே, பிறகேன் உபியேர என்று கேட்கத் தோன்றும். இங்கே செய்தி வீடு விற்கப்பட்டதல்ல, என் எரிச்சல்தான். நடந்த காரியம் அந்த எரிச்சலின் கீழே ஒட்டிக்கொண்டு வருகிறது.

ஒரு விலக்கு: ‘எனக்குத் தெரியாமல் இருந்தது’ என்பது எதிர்மறையாக இருந்தாலும் பெரும்பாலும் அபீய வரிசையையே எடுக்கும். ‘நொ ஸபீய கெ அபீயன் யெகாதொ’. வந்தது உண்மை, எனக்குத்தான் செய்தி கிடைக்கவில்லை.

முதன்மை வினையின் காலத்தையும் பாருங்கள். ‘நான் நம்பவில்லை’ என்பது தமிழில் நேற்றைக்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும். இது இரண்டாவது பள்ளம். இன்றைக்கு நம்பவில்லை என்றால் ‘நொ க்ரேயொ கெ ஆயன் யெகாதொ’ என்று ‘அபேர்’ வினையின் நிகழ்கால ஸுப்ஹுந்த்தீபொவான ‘ஆயன்’ வரும். அன்றைக்கு நம்பவில்லை என்றால் ‘நொ க்ரெயீய கெ உபியேரன் யெகாதொ’. மொழிபெயர்க்கும் முன் ‘இப்போதா, அப்போதா’ என்று உங்களையே கேளுங்கள்.

இறந்தகால வினைக்குப் பின் வரும் எல்லாவற்றுக்கும் உபியேர போடும் பழக்கமும் சிலருக்கு வரும். ‘நீ கோல் எடுக்க வேண்டும் என்று விரும்பினேன்’ என்பதில் கோல் எடுப்பது விரும்பியதற்குப் பின்னால் நடக்க வேண்டியது. அதற்கு உபியேர வேண்டாம்: ‘கெரீய கெ யமாரஸ்’. முதன்மை வினைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்குத்தான் உபியேர.

சிறு சிறு இடங்கள் மூன்று

‘போல’ என்பதற்கு ‘கொமொ ஸி’. அதற்குப் பின் முதன்மை வினை நிகழ்காலத்தில் இருந்தாலும் உபியேர வரலாம்: ‘ஆப்ல கொமொ ஸி உபியேர பிபீதொ என் லீம’, லீமாவில் வாழ்ந்தவர் போலக் கதைக்கிறார். ‘கொமொ ஸி’க்குப் பின் ‘அ பிபீதொ’ என்று சாதாரண வடிவம் போடாதீர்கள்.

கடந்துபோனதை நினைத்து ஏங்குவதற்கு ‘ஒஹலா’: ‘ஒஹலா உபியேர யொபீதொ’, மழை பெய்திருக்கக் கூடாதா! இந்தச் சொல் அரபு மொழியிலிருந்து ஸ்பானியத்துக்கு வந்தது. கடைசி ‘லா’வில் அழுத்தம்.

மூன்றாவது நாம் நாள்தோறும் பயன்படுத்துவது. “முதலே ஒரு கோல் எடுத்திருக்கலாமே மனே!” என்ற செல்லக் குறைக்கு ஸ்பானிய மொழியில் ‘ஸி’யும் வேண்டாம், ‘கெ’யும் வேண்டாம். ‘மெ உபியேரஸ் யமாதொ!’ அவ்வளவுதான். ‘மெ உபியேரஸ் அபிஸாதொ!’ எனக்கு அறிவித்திருக்கலாமே! தொனியில் கவனம் வேண்டும்: நெருங்கியவரிடம் இது அக்கறை, விடுதிக்கு வந்த விருந்தாளியிடம் சொன்னால் குற்றச்சாட்டு. அவர்களிடம் ‘உபியேர’ என்ற உஸ்தேத் வடிவத்தில் சொன்னாலும் கடுமை போகாது.

பயிற்சியை எப்படிப் பிரிப்பது

ஒரு நாளைக்கு பதினைந்து நிமிடம், இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு நாளும் ஆறு வடிவங்களை மட்டும், தமிழ்ப் பெயரைப் பார்த்து ஸ்பானிய வடிவத்தை உரத்துச் சொல்லுங்கள். வரிசையாக ஒப்புவிப்பது போதாது, ஏனெனில் பேச்சில் வரிசை வராது; துண்டுக் கடதாசியில் ஆறு பெயரையும் எழுதிக் கலைத்து எடுங்கள். மூன்றாம், நான்காம் நாள் மேலே உள்ள ஒன்பது வினைகளையும் இன்னொரு கட்டுக் கடதாசியில் எழுதி, இரு கட்டிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துச் சேருங்கள். அடுத்த நான்கு நாள் ‘ஸி’ வசனங்கள், நாளுக்கு ஐந்து, எழுத்தில். ‘என்று’ வசனங்களுக்கு மிச்ச ஆறு நாளையும் கொடுங்கள். அவற்றை எப்போதும் சோடியாக, ஒரு அபீயவும் ஒரு உபியேரவுமாக, எழுத வேண்டும். தனியாக உபியேர வசனங்களை மட்டும் எழுதிக்கொண்டே போனால் கை பழகும், பிரித்தறியும் கண் பழகாது.

சந்தேகம் வந்தால், 1713இல் தொடங்கப்பட்ட அரச ஸ்பானிய அக்கடமியின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே ‘அபேர்’ என்று தேடினால் உபியேர, உபியேஸெ இரு வரிசையும் ஸுப்ஹுந்த்தீபொ பகுதியில் பக்கத்துப் பக்கமாக இருக்கும். வேறு எந்த வினையைத் தேடினாலும் அதன் ‘-ஆதொ’, ‘-ஈதொ’ வடிவம் அட்டவணையில் கிடைக்கும்.

செய்து பாருங்கள்

இந்த எட்டையும் முதலில் மூடிவைத்து எழுதுங்கள்.

1. நீ வந்து சேர்ந்திருந்தால் நாங்கள் புறப்பட்டிருப்போம்.
2. அவர் வந்து சேர்ந்திருந்தால் எனக்குக் கோல் எடு.
3. நீ எங்களுக்கு அறிவித்திருக்கலாமே!
4. அவர்கள் வீட்டை விற்றிருந்தார்கள் என்று நான் அப்போது நம்பவில்லை.
5. அவர்கள் வீட்டை விற்றிருந்தார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.
6. அவள் லீமாவில் வாழ்ந்தவள் போலக் கதைக்கிறாள்.
7. நான் முந்தி எழும்பியிருந்தால் பஸ்ஸைப் பிடித்திருப்பேன்.
8. நாங்கள் அதை (வீட்டை) விற்காமல் இருந்திருந்தால் இப்போது இங்கே வாழ்ந்துகொண்டிருப்போம்.

விடைகள்:

1. ஸி உபியேரஸ் யெகாதொ, அப்ரீயமொஸ் ஸலீதொ.
2. ஸி அ யெகாதொ, யாமமெ.
3. நொஸ் உபியேரஸ் அபிஸாதொ!
4. நொ க்ரெயீய கெ உபியேரன் பெந்தீதொ ல காஸ.
5. ஸபீய கெ அபீயன் பெந்தீதொ ல காஸ.
6. ஆப்ல கொமொ ஸி உபியேர பிபீதொ என் லீம.
7. ஸி மெ உபியேர லெபந்த்தாதொ ஆந்த்தெஸ், அப்ரீய தொமாதொ எல் புஸ்.
8. ஸி நொ ல உபியேரமொஸ் பெந்தீதொ, அஓர பிபிரீயமொஸ் அக்கீ.

ஏழாவதில் ‘எழும்புதல்’ ஸ்பானிய மொழியில் தன்னைத் தானே எழுப்புதல் என்று வருவதால் ‘மெ’ வேண்டும். அது உபியேரவுக்கு முன்னால் நிற்பதைப் பாருங்கள். எட்டாவதில் ‘காஸ’ பெண்பால் பெயர் என்பதால் ‘அதை’ என்பது ‘ல’ ஆனது, ‘பெந்தீதொ’ மட்டும் ‘பெந்தீத’ ஆகவில்லை. எட்டாவதை முதல் தடவையிலேயே சரியாக எழுதியவர்கள் ஒழுங்கற்ற வினைகளின் தனிப் பக்கத்தைத் திறந்து, இதே எட்டு வசனங்களில் யெகாதொ, பெந்தீதொ இருக்கும் இடங்களில் பீஸ்தொ, ஏச்சொ, அபியேர்த்தொ ஆகியவற்றை வைத்துப் புதிய வசனங்கள் கட்டத் தொடங்கலாம்.